சாளைப் புளிமுளமும் மறதி மாத்திரையும்

என் பெரியம்மைக்கு 76 வயது. குமரி மாவட்டத்தில் தக்கலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தனியாக இருக்கிறார். போன வருஷம் ஒருநாள் காலையில் மீன்காரம்மா வந்தபோது நூறு ரூபாய்க்குச் சாளை, அதாவது மத்தி மீன், வாங்கினார். அரை மணி நேரம் கழித்து இன்னொருவர் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வர, அவரிடமும் நூறு ரூபாய்க்குச் சாளை. மதியம் நான் போனபோது அடுப்படியில் இரண்டு சட்டி புளிமுளம் (புளி சேர்த்த மீன்குழம்பு) இருந்தது. ஒன்றில் உப்பே இல்லை. "ரெண்டு தடவ வாங்கினேனா மக்களே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் பயமும் இருந்தது.

விஷயம் குடும்பத்தில் பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன், அதாவது பெரியம்மையின் மகன், 'மூளைக்கு' என்று ஒரு பாட்டில் வைட்டமின் மாத்திரை அனுப்பிவிட்டான். பக்கத்து வீட்டு மாமி வல்லாரை அரைத்துக் கொண்டுவந்தார். தினமும் பழங்கஞ்சி குடித்தால் வைட்டமின் பி12 தானாக ஊறும் என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. வயதானவர்களின் நினைவுக்கும் வைட்டமினுக்கும் உண்மையில் என்னதான் தொடர்பு என்று நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

படித்ததில் முதலில் தெளிந்தது இது. குறைந்தால் மறதியோ மனக்குழப்பமோ வரும் என்று உறுதியாகத் தெரிந்த வைட்டமின்கள் சில உண்டு: பி12, பி1, பி3. இவை குறைந்தவருக்குக் கொடுத்தால் பலன் இருக்கிறது. குறையாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் நினைவு கூடுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடத்தில்தான் பாட்டில் விற்பனை நடக்கிறது.

பி12-இலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வயதானவர்களிடம் அதிகம் அடிபடுவது அதுதான். நரம்பைச் சுற்றி மையலின் என்ற உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேல் இருக்கிற ரப்பர் மாதிரி. அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க பி12 வேண்டும். ரத்த அணுக்கள் உருவாகவும் வேண்டும். அது குறைந்தால் முதலில் கால் பாதத்தில் மதமதப்பு, ஊசி குத்துகிற உணர்வு, நடையில் தள்ளாட்டம், நாக்கு எரிச்சல், சோர்வு வரும். அப்புறம் மறதி, மனச்சோர்வு, சில சமயம் இல்லாததைப் பார்ப்பதுபோன்ற குழப்பம். எல்லாம் ஒரே ஆளுக்கு வர வேண்டும் என்றில்லை. ரத்தச்சோகை இல்லாமலே நரம்பு மட்டும் கெடுவதும் உண்டு. அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு பி12-ம் சரி என்று முடிவு கட்ட முடியாது.

சரி, குமரி மாவட்டத்தில் மீனுக்கா பஞ்சம்? குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கரை முழுக்க மீன் இறங்குகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சாளை வகை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 8 மைக்ரோகிராம் இருக்கிறது. அயிலையும் (கானாங்கெளுத்தி) குறைந்ததில்லை. போதாக்குறைக்கு, உடம்பு இதை ஈரலில் சேமித்து வைக்கிறது, அதுவும் வருஷக்கணக்குக்கு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறி வீட்டில் பயறும் கீரையும் மட்டும் வெந்தால்கூட, ஈரல் அசையாது. அப்படியிருக்க, மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளையும் தின்று வளர்ந்த ஒருவருக்கு ஏன் குறைய வேண்டும்?

பதில் சட்டியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. மீனில் உள்ள பி12 தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கரையில் வலையை விரித்து, கண்ணியில் மாட்டிய சாளையை உதறி உதறி எடுப்பார்களே, அந்த உதறல் வேலையை வயிற்றில் செய்வது அமிலமும் பெப்சின் என்ற நொதியும். உதறி விழுந்த பி12-ஐ, இரைப்பைச் சுவரே சுரக்கிற இன்னொரு புரதம் கைப்பிடித்து, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது. அங்கேதான் அது ரத்தத்துக்குள் ஏறும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும், மீன் தின்பவருக்கும் பி12 குறையும். இன்னொன்று, அந்தத் துணைப் புரதம் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் தூக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பத்து சாளை தின்பதைவிட, வாரத்தில் பல நாள் இரண்டிரண்டு தின்பது அதிகம் சேரும்.

வயது ஏற ஏற இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறைகிறவர்கள் நிறைய. 10 முதல் 30 சதவீதம் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். எச்.பைலோரி என்ற கிருமி நெடுநாள் வயிற்றில் குடியிருந்தாலும் இதே கதைதான்.

வயிற்றுப்புண் நம் மாவட்டத்துக்குப் பழைய விருந்தாளி என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை செய்தார். அங்கே அவர் கத்தி அதிகம் பார்த்தது சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்களைத்தான். அன்று தென் திருவிதாங்கூர் என்று அழைக்கப்பட்ட நம் பகுதியில் அந்தப் புண் அவ்வளவு பரவலாக இருந்தது. அந்தக் காலத்தில் அமிலத்தை அடக்க இன்றைய மாத்திரைகள் கிடையாது, வயிற்றைத் திறப்பதுதான் வழி. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் பி12 குறையும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். இப்போது கத்திக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு 'கேஸ் மாத்திரை' வந்துவிட்டது.

கேஸ் மாத்திரை என்றால் பெரும்பாலும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ராபிபிரசோல் ஆகியவற்றில் ஒன்று. நல்ல மருந்து, தேவையான ஆளுக்குத் தேவையான காலத்துக்கு. நம் பக்கத்தில் நடப்பது வேறு. முட்டுவலிக்குக் கொடுத்த மாத்திரையோடு துணைக்கு ஒன்று எழுதுவார்கள். வலி மாத்திரை பத்து நாளில் நின்றுவிடும், துணைக்கு வந்தது மட்டும் ஏழெட்டு வருஷம் தொடரும். மெடிக்கலில் போய் 'காலையில வெறும் வயித்துல போடுறது' என்று சொன்னால் கிடைத்துவிடுகிறது. அமிலத்தை வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் வலையை உதற ஆள் இல்லை.

இரண்டாவது ஆள் மெட்பார்மின், அதாவது சுகர் மாத்திரை. சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருஷங்கள் கூடக் கூட, சிறுகுடலின் கடைசியில் பி12 ஏறுவதை இது தடுக்கிறது. மாத்திரையின் அளவு கூடினாலும் சாப்பிடும் காலம் நீண்டாலும் தடை அதிகம். அதனால்தான் மெட்பார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு வழிகாட்டுதல் சொல்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022-இல் அப்படியே எச்சரித்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை நோயே பாத நரம்பைக் கெடுத்து மதமதப்பு தரும். பி12 குறைவும் அதே இடத்தில் அதே மதமதப்பைத் தரும். 'சுகர் இருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்' என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை. சர்க்கரையால் கெட்டதை மீட்பது கடினம். பி12 குறைவால் கெட்டதை ஆரம்பத்தில் பிடித்தால் பெருமளவு மீட்கலாம். பி12 குறைந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்க ஆள் வேண்டும்.

பெரியம்மையின் மருந்து டப்பா ஒரு பழைய பிஸ்கட் தகரம். ஒரு நாள் அதைத் தரையில் கொட்டிப் பிரித்து வைத்தேன். பிரஷர் மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, மெட்பார்மின், பான்டோபிரசோல். நான்கைந்து அட்டைகளில் பெயர் இருந்த பக்கமாகவே கிழித்திருந்தார், மிஞ்சிய இரண்டு மாத்திரைக்குப் பெயரே இல்லை. சுகர் மாத்திரை தொடங்கிப் பதினோரு வருஷம். கேஸ் மாத்திரை எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, 'நம்ம வீட்டுக்கு ஓடு மாத்தின வருஷம்' என்றார். ஓடு மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு பி12 குறைய இன்னும் வாய்ப்பு அதிகம். அண்ணன் அனுப்பிய பாட்டிலும் அதே தகரத்துக்குள் இருந்தது, மூடி திறக்காமல்.

உணவிலும் ஒன்று மாறியிருந்தது, அதை அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கவனித்தேன். பல் போன பிறகு முள்ளுக்குப் பயந்து சாளையைக் குழம்பாகத்தான் சாப்பிடுகிறார், மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார். தனி ஆளுக்கு எதற்கு என்று பல நாள் மீனே வாங்குவதில்லை. ராத்திரி கஞ்சியும் துவையலும், அல்லது பால் விடாத கட்டன்காப்பியும் பன்னும். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிற எத்தனையோ பேரின் ராச்சாப்பாடு இதுதான். சுசீந்திரம், பத்மநாபபுரம் பக்கத்து சைவ வீடுகளில் பால், தயிர், மோர்தான் பி12-க்கு ஒரே வழி. அதையும் சளி பிடிக்கும் என்று நிறுத்திவிட்டால் அதுவும் போச்சு. தேங்காய்ப்பாலில் பி12 கிடையாது. முருங்கைக்கீரையில் எல்லாம் இருக்கிறது என்பார்கள், இது மட்டும் இல்லை. பழங்கஞ்சி வயிற்றுக்கு இதம், எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. பி12-ஐ உண்டாக்குவது சில நுண்ணுயிர்கள்தான் என்பது உண்மை. சோற்றில் புளிக்கிற எல்லா நுண்ணுயிரும் அதைச் செய்வதில்லை.

பரிசோதனையில் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் சந்தேகக்கேஸ். அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஹோமோசிஸ்டீன், மெத்தில் மலோனிக் அமிலம் என்ற வேறு இரண்டைப் பார்த்து முடிவு செய்வார்கள். அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தாலும் எண்ணைப் பாருங்கள், 210 என்பது பல பேப்பரில் நார்மல் கட்டத்துக்குள்தான் இருக்கும். சத்து ஊசி போட்ட மறுவாரமே சோதித்தால் எண் நிமிர்ந்து நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

சிகிச்சை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஊசிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். உள்ளே இருக்கிற கோபால்ட்தான் அந்த நிறத்துக்குக் காரணம். பெரியம்மை முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, 'ரத்தத்தையா ஏத்துறீங்க?' என்று நர்ஸைக் கேட்டார். ஊசிதான் வேண்டும் என்றும் இல்லை. அமிலம் குறைந்தவருக்கு மாத்திரை பலன் தரும், ஏனென்றால் மாத்திரையில் இருக்கிற பி12 வலையில் மாட்டாதது, உதற வேண்டியதில்லை. அந்தத் துணைப் புரதமே சுரக்காதவருக்கும் 1,000 மைக்ரோகிராம் போன்ற பெரிய அளவில் கொடுத்தால், அதில் சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் முதலில் ஊசியைத்தான் மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய கூட்டாளி ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமின். பி12 குறைந்திருக்கிறவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தச்சோகை சரியாகிவிடும், நிறம் தெளியும், ஆள் தேறிவிட்டதுபோல இருக்கும். நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். முருங்கைக்கீரை, பயறு வழியாக வருகிற அதன் இயற்கை வடிவமான ஃபோலேட்டைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். தானே வாங்கி விழுங்குகிற மாத்திரையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இப்போது அண்ணனின் பாட்டிலுக்கு வருவோம். குறைபாடு இல்லாதவருக்கு வைட்டமின் கொடுத்தால் நினைவு காப்பாற்றப்படுமா? பெரிய ஆய்வுகளின் பதில் ஒரே குரலில் இல்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 5,947 ஆண் மருத்துவர்களுக்குச் சுமார் 12 வருஷம் தினம் ஒரு மல்டிவைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் நினைவில் வித்தியாசம் இல்லை என்று 2013-இல் முடிவு வந்தது. அப்புறம் காஸ்மாஸ் என்ற ஆய்வுத் தொடர் வந்தது. 2022-இலும் 2023-இலும் வெளிவந்த அதன் பகுதிகளில், மல்டிவைட்டமின் எடுத்தவர்கள் நினைவுச் சோதனைகளில் கொஞ்சம் கூடுதலாக வாங்கினார்கள். 2024-இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, மூளையின் முதுமை சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போனதற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். செய்திகளில் இதுதான் கொட்டை எழுத்தில் வந்தது. ஆனால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வருவது குறைந்ததா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. கலந்துகொண்டவர்களும் பெரும்பாலும் படித்த, வசதியான வெள்ளை அமெரிக்கர்கள். தக்கலைப் பக்கத்துப் பெரியம்மைக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது என்பது என் கருத்து. சோற்றில் இருப்பது, வயிற்றின் நிலை, மருந்து டப்பாவில் இருப்பது, எல்லாம் வேறு.

ஆக்ஸ்போர்டில் 2010-இல் வந்த ஒரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. லேசான மறதி உள்ள 70 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷம் பி6, பி12, ஃபோலிக் அமிலம் கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுருங்குகிற வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தவர்களிடம். பி வைட்டமின்கள் குறையும்போது அந்தப் பொருள் ஏறும். பொதுவாக எல்லோரையும் சேர்த்த பிற ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. பள்ளத்தில் நிற்கிறவனுக்குக் கை கொடுத்தால் மேலே வருவான், தரையில் நிற்கிறவனுக்குக் கொடுத்தால் கை குலுக்கிவிட்டுப் போவான்.

வைட்டமின் டி, ஈ பற்றிச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். டி குறைந்தவர்களிடம் டிமென்ஷியா அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை, ஆனால் டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நினைவு தேறவில்லை. எலும்புக்காக அது தேவைப்படலாம், அது வேறு கணக்கு. வாரத்துக்கு ஒன்று என்று எழுதித்தருகிற 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் கலக்கிக் குடித்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதுவே மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். மறதிக்கு மருந்து என்று குடித்ததே மறதிக்குக் காரணமாகிவிடும். ஈ விஷயத்தில், டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் ஏற்கெனவே வந்தவர்களிடம் 2,000 யூனிட் என்ற பெரிய அளவு, குளிப்பது, உடுப்பது போன்ற அன்றாட வேலைத்திறன் குறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது. நினைவைக் கூட்டவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அந்த அளவுக்குப் போனால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

பி1 பற்றியும் ஒன்று. தீட்டிய அரிசிக்கும், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் 1890-களில் கண்டார். நம் பக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசன் 1918-இல் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியின் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். புழுங்கல் அரிசியில் அவிக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குமரி வீடுகளில் புழுங்கலரிசிச் சோறு இன்னும் நிலைத்திருப்பது நல்லதுதான். பி1 குறைந்து நினைவு அழிவது இன்று பெரும்பாலும் நெடுநாள் குடிப்பவர்களிடம். நேற்று நடந்தது நினைவில் நிற்காது, அந்த இடைவெளியை ஏதாவது கதையால் நிரப்பிச் சொல்வார்கள். வீட்டில் 'குடிச்சிட்டுப் பொய் சொல்றான்' என்பார்கள். அது பொய் இல்லை, அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நோய்.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதில் பெரும்பகுதி வைட்டமின் குறைவால் வந்ததில்லை, வைட்டமினால் போகப்போவதுமில்லை. டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ நம் கையில் இருக்கிற 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்டது. காது மந்தம், கண் மங்கல், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதில் இருக்கின்றன. வைட்டமின் மாத்திரை அதில் இல்லை. காது கேட்காத பாட்டாவுக்கு 'மறதி' என்று பட்டம் கட்டிவிட்டு, காதைச் சோதிக்காமலே காலம் தள்ளுகிற வீடுகளை எனக்குத் தெரியும். தைராய்டு குறைவு, எப்போதோ விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே தேங்கிய ரத்தம், இவையும் மறதிபோல வரும், இவற்றுக்கும் சிகிச்சை உண்டு. அதனால் பி12 குறைவு கண்டுபிடித்துவிட்டோம் என்று மற்றதைத் தேடாமல் விடுவதும் தப்பு.

பெரியம்மைக்கு பி12 எண் 148 வந்தது. மருத்துவர் ஊசி தொடங்கினார். கேஸ் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்தார், திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட எகிறும் என்றார். மெட்பார்மின் தொடர்கிறது. நான்கு மாதத்தில் பாத மதமதப்பு நன்றாகக் குறைந்தது, ராத்திரி எழுந்து சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். மறதி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பெயர்கள் இன்னும் தடுக்குகின்றன. ஒரே மீனை இரண்டு தடவை வாங்குவது நின்றிருக்கிறது. மீனை முள்ளெடுத்து உதிர்த்துத் தேங்காயோடு புட்டுபோல வதக்கிக் கொடுத்தால் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

அண்ணனின் பாட்டில் இன்னும் அந்தத் தகரத்தில்தான் இருக்கிறது. அடுப்படிக் காலண்டரில் ஊசி போட வேண்டிய தேதிகளை அவரே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். மாத்திரை அட்டைகளை இப்போது பெயர் இல்லாத பக்கமிருந்து கிழிக்கிறார், அது என் ஏற்பாடு. போன வாரம் போனபோது ஒரு அட்டையில் மறுபடியும் பெயர் போயிருந்தது. கேட்டேன். "மறந்து போச்சு மக்களே" என்றார்.